மைப்புள்ளி வைத்த காது

எனக்கு முதலில் கேடு செய்தவள் என் கூடப் பிறந்த தங்கை ஆவுடையம்மாள். நடுவில் யார் யாரோ செய்தார்கள், அதை விடுங்கள். கடைசியாகச் செய்தவள், இதோ எதிரே இந்தப் பயிற்சி மையத்துக்குள் உங்களுக்கெல்லாம் பகல் முழுக்க வகுப்பு எடுத்தாளே, அந்த எப்சிபா டீச்சர். கொஞ்சம் நகருங்கள் தம்பி, உட்காருகிறேன். பாத்திரங்களையெல்லாம் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டேன். உங்கள் வடக்குப்பொத்தை பஸ் இப்போதைக்கு வராது.

எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னீர்களே, வடக்குப்பொத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன் என்று. உங்கள் தட்டில் தயிர்சாதம் வைத்தது நான்தான். ஊறுகாய் இன்னொரு தடவை கேட்டீர்கள். சோறு போடுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவனுக்கும் காது இருக்கிறது.

உங்கள் பையில் மஞ்சள் அட்டை போட்ட புத்தகம் ஒன்று கொடுத்திருப்பார்கள். வெளியே எடுக்க வேண்டாம், எடுக்க வேண்டாம். எனக்கு அந்த அட்டையைப் பார்த்தாலே குமட்டும். அதில் நடுவில் ‘வராத மாமன்’ என்று ஒரு பக்கக் கதை இருக்கும். கீழே அதற்குக் கேள்விகள் இருக்கும். காலையில் அதைத்தானே எல்லோரும் குனிந்து குடைந்துகொண்டிருந்தீர்கள்?

அந்த மாமன் நான்தான்.

தலைப்பிலேயே பொய், பார்த்தீர்களா? வராத மாமனாம். நான் வந்தேன் தம்பி. தேங்காய், பழம், பட்டுச் சட்டை, கடுக்கன், எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்தவனை வராதவன் என்று அச்சடித்து ஊர் ஊராகக் கொடுக்கிறார்கள். பெயரையும் அந்த டீச்சர் மாற்றிவிட்டாள். புத்தகத்தில் ராமையா என்று இருக்கும். நான் கொம்பையா. “ஒங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்லா அண்ணாச்சி, அதான் பேரை மாத்திட்டேன்” என்றாள். எனக்கு எதற்குச் சங்கடம்? சங்கடம் ஆவுடையம்மாளுக்கு அல்லவா வர வேண்டும்! அவள் பெயரைப் போடவில்லை. வெறும் ‘தங்கை’ என்று விட்டுவிட்டாள். நல்ல நியாயம்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இந்த மையத்துக்கு மத்தியானச் சாப்பாடும் காலை மாலை டீயும் ரொம்ப வருஷமாக நான்தான் கொடுக்கிறேன். எத்தனையோ பயிற்சி பார்த்துவிட்டேன். காகிதத்தில் பொம்மை செய்யும் பயிற்சி, கை தட்டிக் கணக்குச் சொல்லும் பயிற்சி, தரையில் படுத்து மூச்சு விடும் பயிற்சி. எல்லாவற்றிலும் கடைசியில் சாப்பிட்டுவிட்டு, படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். யாருக்கும் ஒரு கேடும் இல்லை. போன வருஷம் ஆடியில் இந்த எப்சிபா டீச்சர் மாற்றலாகி வந்தாள். வந்ததும் வராததுமாகக் கேள்வி எழுதும் பயிற்சி என்று ஆரம்பித்தாள்.

கேள்வி எழுதுவதற்கு ஒரு பயிற்சியா என்று நான் சிரித்தேன். வாத்தியாருக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுப்பது சமையற்காரனுக்கு அடுப்பு ஊதச் சொல்லிக் கொடுப்பது மாதிரி அல்லவா? ஆனால் அவள் விடவில்லை. வாத்தியார்கள் எழுதிக் கொடுத்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள். நான் அப்போது வாசல் பக்கம் டீ டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“இதுக்கெல்லாம் பிள்ளை பாடத்தை வாசிக்கவே வேண்டாமே சார். மேலே கண்ணை ஓட்டினா விடை தட்டுப்பட்டிரும். வாசிச்ச பிள்ளை திரும்பப் பாடத்துக்குள்ள போகணும். போயி, மெதுவா, வரி வரியா இன்னொரு தடவை பாக்கணும். அப்படிப் போக வைக்கிற கேள்வி ஒண்ணு எழுதுங்க, போதும்.”

திரும்ப எதற்குப் போக வேண்டும்? சாப்பிட்டு எழுந்தவன் திரும்பப் போய் எச்சில் இலையைக் கிளறுவானா? எனக்கு அப்போதே அருவருப்பாக இருந்தது. கையில் எடுத்த டம்ளரை அப்படியே வைத்தேன்.

அவளுக்கு ஒரு தொல்லை. பாடப் புத்தகத்திலிருந்து எதைக் கொடுத்தாலும் வாத்தியார்களுக்கு விடைக்குறிப்பு மனப்பாடம். கேள்வியை யோசிப்பதற்கு முன்னால் விடை வாயில் வந்துவிடுகிறது. யாருமே வாசித்திராத ஒன்று வேண்டும், அதுவும் நிஜமாக நடந்தது வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் டீ குடிக்க வந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, ஒங்க வாழ்க்கையில மறக்க முடியாத சம்பவம் ஒண்ணு சொல்லுங்களேன். ஒரு பக்கம் வர்ற மாதிரி.”

தம்பி, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதைக் கேட்க ஓர் ஆள் கிடைக்காதா என்று இருந்தவன் நான். சொந்தக்காரர்கள் நான் வாயைத் திறந்தாலே செருப்பை மாட்டுகிறார்கள். வீட்டில் வேலம்மாள், என் பெண்டாட்டி, “சரி, சாப்பிடுங்க” என்பாள். இந்த அம்மா பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறாள். நாற்பது வாத்தியார்கள் வாசிக்கப் போகிறார்கள். படித்தவர்கள். வாசித்துவிட்டு ஒரே வாயாக, இப்படியும் ஒரு தங்கை உண்டா என்று காறித் துப்புவார்கள். நான் அதைத்தான் நினைத்தேன். அதற்காகத்தான் சொன்னேன்.

நான் சொன்னது இதுதான். உங்கள் புத்தகத்தில் இருப்பதும் இதுதான். ஆனால் என் வாயால் கேளுங்கள்.

ஆவுடையம்மாளை வடக்குப்பொத்தையில் வெள்ளப்பாண்டிக்குக் கட்டிக் கொடுத்தோம். எங்களுக்கு அப்பா இல்லை. நான்தான் முன்னால் நின்று கட்டிக் கொடுத்தேன். அவளுக்கு ஒரே பிள்ளை, பலவேசம். அவனுக்கு ஒரு வயசு முடிந்ததும் குலசாமி கோவிலில் மொட்டை எடுத்துக் காதுகுத்து வைத்தார்கள். காதுகுத்து என்றால் என்ன? தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார்த்திக் காது குத்த வேண்டும். தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும். கடுக்கன் தாய்மாமன் வாங்கிப் போட வேண்டும். அது உங்களுக்கும் தெரியும். காலை முதல் பஸ்ஸில் போய் வடக்குப்பொத்தை முக்கில் இறங்கினேன். தலையில் சீர்த்தட்டு. கடுக்கன் பெட்டி சட்டைப் பையில்.

கோவிலுக்குள் நான் போனபோது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை யார் மடியில் இருக்கிறான் தெரியுமா? வெள்ளப்பாண்டியின் அண்ணன் மடியில். வலது காதில் தங்கக் கம்பி வளையம். இடது காதில் ஆசாரி வைத்த மைப்புள்ளி. கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு. ஆசாரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். மேளக்காரர்கள் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். என்னைப் பார்த்ததும் ஆவுடையம்மாள் எழுந்து ஓடி வந்தாள். “அண்ணே, வந்துட்டியளா, வாங்க, வந்து ஒரு நிமிஷம் உக்காருங்க” என்றாள். நான் உட்காருவேனா? எல்லாம் முடிந்த பிறகு மிச்சச் சோற்றுக்கு உட்கார நான் என்ன பிச்சைக்காரனா? சீர்த்தட்டைத் தூக்கிக் கோவில் வாசலில் எறிந்தேன். தேங்காய் உருண்டு போய் நாகலிங்க மரத்தடியில் நின்றது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் யாரோ நான் யாரோ.

இவ்வளவுதான். இதில் என்ன குழப்பம்? யார் குற்றவாளி என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியாதா?

மறுநாள் இதை அச்சடித்து எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். பெயரை மாற்றி என்ன பிரயோஜனம், டீ ஊற்றும்போதே எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. வாசலிலேயே நின்றேன். எப்போது துப்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அருளானந்தம் சார் எழுந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் அவருக்கு. நல்ல மனிதர், வேட்டியில் ஒரு கறை இருக்காது. அவர் கேள்வி வாசித்தார்: “ராமையா எந்த ஊருக்குச் சென்றார்? ராமையா எவற்றையெல்லாம் சீராகக் கொண்டு சென்றார்?” எவ்வளவு மரியாதையான கேள்வி, பாருங்கள்! பட்டுச் சட்டையும் கடுக்கனும் கொண்டு போனான் என்று பிள்ளைகள் எழுதும். ஊர் வாசிக்கும். ஆனால் இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“சார், இது நல்ல கேள்விதான். ஆனா ரெண்டாவது வரியிலேயே கிடைச்சிருது. கதைக்குள்ள போகாம வாசல்லயே நின்னுக்கிட்டு விடை வாங்கிட்டுப் போயிருவான் பையன்.”

அருளானந்தம் சார் முகம் செத்துப் போயிற்று. அன்று அவருக்கு வடை இரண்டு வைத்தேன்.

அப்புறம் ஒருத்தன் எழுந்தான். ஜீன்ஸ் போட்ட வாத்தியார். உங்கள் வயசு இருக்கும், நீங்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் கேட்கிறான்: “ராமையா காலை முதல் பஸ்ஸில் இறங்கினார். கோவிலுக்குள் நுழைந்தபோது பந்தியே முடிந்துவிட்டது. இடையில் அவர் எங்கே இருந்தார் என்று ஆசிரியர் ஏன் சொல்லவில்லை?”

கூட்டம் “ஆமாம்லா” என்றது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். எப்சிபா டீச்சர் கையைத் தட்டினாள்! “பாத்தீங்களா, எல்லாரும் இப்போ திரும்ப உள்ள போயிட்டீங்க. இதுதான் சார் கேள்வி!”

தூ! இது கேள்வியா? அடுத்தவன் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது. சொல்லாததை ஏன் கேட்கிறாய்? சொல்ல வேண்டியதில்லை என்பதால்தானே சொல்லவில்லை!

உங்களிடம் சொல்கிறேன், உங்களிடம் எனக்கு என்ன ஒளிவு? நான் முக்கில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே இருப்பேன்? தாய்மாமன் சீரோடு வருகிறான் என்றால் ஊர் முக்கில் வந்து மேளதாளத்தோடு எதிர்கொண்டு அழைத்துப் போக வேண்டும். முறை அதுதான். எங்கள் அப்பா இருந்தபோது எங்கள் மாமனை அப்படித்தான் அழைத்து வந்தார்கள், தெருவே வாசலில் நின்று பார்த்தது. கல்யாண வீட்டில் அப்பா இல்லாத பிள்ளை என்று என்னை எத்தனை பேர் ஓரமாக நிறுத்தினார்கள்! அன்றைக்கு ஒரு நாள் மேளத்துக்கு நடுவில் நடக்கலாம் என்று போனேன். ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். கோவில் பக்கம் மேளச் சத்தம் கேட்கிறது. நான் இங்கே இருக்கிறேன், மேளம் அங்கே அடிக்கிறது. எப்படி இருக்கும்?

வெள்ளப்பாண்டியின் தம்பி ஒருத்தன் சைக்கிளில் வந்தான், வேர்த்து விறுவிறுத்து. “அத்தான், இங்கயா இருக்கிய? நல்ல நேரம் போயிரும், மதினி தவிச்சுக்கிட்டிருக்காவ. ஏறுங்க பின்னால.” தாய்மாமன் சைக்கிள் கேரியரில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவானா? “மேளம் எங்கலே?” என்று கேட்டேன். “மேளம் கோவில்ல இருக்கு அத்தான், சாமிக்கு முன்னால. அதை எப்படி இங்க இழுத்துட்டு வாரது?” என்றான். “அப்போ சாமி மடியிலயே குத்திக்கோங்க” என்றேன். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். திரும்ப வருவான் என்று இருந்தேன். வரவில்லை. வெயில் ஏறின பிறகு நானாக நடந்து போனேன். நானாக! தலையில் சுமையோடு, தன்னந்தனியாக, நாய் குரைக்க. இதை டீச்சரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அழைத்துப் போக ஒருவரும் வரவில்லை என்பது உண்மை. சைக்கிள் ஒரு ஆளா?

சரி, அது போகட்டும். இன்னொரு அம்மா கேட்டாள்: “ராமையா தட்டை வீசினார். எதை வீசவில்லை?” எல்லோரும் மறுபடி தாளுக்குள் தலையை விட்டார்கள். சட்டைப் பை, சட்டைப் பை என்று சத்தம் போட்டார்கள். கடுக்கனை வீசவில்லையாம். இன்னொருத்தர் சொல்கிறார், அப்படி என்றால் அவர் மனசில் இன்னும் பாசம் இருந்தது என்று. பாசமாவது வேசமாவது! தங்கத்தை எவனாவது தூக்கி எறிவானா? அது வீட்டில் பீரோவில் கிடக்கிறது. என் சட்டைப் பைக்குள் கையை விட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன் தம்பி. அன்றைய வகுப்பு முடிகிற நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ரகமத் நிஷா என்று பெயர். மெல்லிய குரல், பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. நான் மாலை டீத் தட்டோடு உள்ளே வந்துவிட்டேன்.

“மேடம், எங்க வீட்டுல இந்த வழக்கம் கிடையாது. அதனால தப்பாக் கேட்டாலும் கேட்டிருப்பேன். வலது காதுல வளையம், இடது காதுல மைப்புள்ளின்னு போட்டிருக்கு. அப்போ ஒரு காதுதானே குத்தியிருக்காங்க? இன்னொரு காதை யாருக்காக விட்டு வெச்சிருந்தாங்க?”

அருளானந்தம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஜீன்ஸ் பையன் மெதுவாக, “அப்போ அந்தத் தங்கச்சி, வந்து ஒரு நிமிஷம் உக்காருங்கன்னு சொன்னது…” என்று ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் பார்த்தார்களே, அந்த மாதிரி இல்லை. வேறு மாதிரி. செத்த வீட்டில் பார்ப்பது மாதிரி.

நான் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு ஊற்றின டீ அத்தனையும் ஆறி ஏடு படிந்து போயிற்று.

இவர்களைப் பற்றி எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி முடியாது. நான் என்ன கேட்டேன்? ஒரு வார்த்தை. பாவம் அந்த மனிதர் என்று ஒரு வார்த்தை. நாற்பது பேரில் ஒருத்தர் கூடச் சொல்லவில்லை. காதாம், புள்ளியாம். இருபத்தைந்து வருஷமாக அந்தக் கதையை நான் சொல்கிறேன், அதே வளையம், அதே புள்ளி, அதே கண்ணீர்க் கோடு. என் கண்ணால் பார்த்ததை நானே சொன்னேன். எனக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரியும்? குத்த நேரமில்லாமல் விட்டிருப்பார்கள். பிள்ளை திமிறியிருக்கும். ஆசாரிக்கு ஊசி முனை மழுங்கியிருக்கும். எத்தனையோ இருக்கலாம்.

ராத்திரி வீட்டுக்குப் போனதும் வேலம்மாளிடம் சொன்னேன், இப்படி ஒருத்தி கேட்டாள், கொழுப்பைப் பார் என்று. அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“நான் அதை அன்னைக்கே கேட்டேனே. பிரசவத்துக்குப் போயிட்டுப் பிள்ளையோட திரும்பி வந்த அன்னைக்கு. மறுகாது ஏங்க குத்தலைன்னு கேட்டேன். நீங்க சோத்துத் தட்டைத் தள்ளி விட்டுட்டு எழுந்து போயிட்டிய. அதுக்கப்புறம் நான் கேக்கலை.”

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. இவளும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

கடைசி நாள் கேள்விகளை எல்லாம் பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எல்லோரும் கைகழுவப் போன நேரத்தில் நான் உள்ளே போய் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ரகமத் நிஷாவின் கேள்வி இருந்தது. அதற்குக் கீழே அவள் இன்னொரு கேள்வியும் எழுதியிருந்தாள்: ‘இடது காது பிறகு எப்போதாவது குத்தப்பட்டதா?’ அதன் மேல் எப்சிபா டீச்சர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் எழுதியிருந்தாள்: ‘விடை பகுதிக்குள் இல்லை. நீக்கவும்.’

தம்பி, எனக்கு அப்போதுதான் வந்தது கோபம். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் கோபமே இல்லை. என் வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்கள். இடையில் எங்கே இருந்தேன் என்று கேட்டார்கள். சட்டைப் பைக்குள் என்ன என்று கேட்டார்கள். அதையெல்லாம் அச்சடித்துப் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி, கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி, அதை அடித்துவிட்டாள்.

நேரே போய் நின்றேன். கையில் கரண்டி இருந்தது, வைக்கக் கூடத் தோன்றவில்லை.

“டீச்சரம்மா, அந்தக் கேள்வியை ஏன் அடிச்சிய?”

“எந்தக் கேள்வி அண்ணாச்சி?”

“அந்தக் காது கேள்வி. பிறகு குத்தினாங்களான்னு.”

“அதுக்கு விடை கதையில இல்லையே அண்ணாச்சி. பிள்ளைங்க எத்தனை தடவை வாசிச்சாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படிக் கேக்கக் கூடாது.” அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “ஒங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்போ யாருக்கு அண்ணாச்சி தெரியும்?”

பார்த்தீர்களா! நான் கேட்கப் போனால் என்னிடமே கேட்கிறாள். அவளுக்கு அதுதான் தொழில். யாரையும் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார விட மாட்டாள். திரும்பப் போ, திரும்பப் போ. எங்கே போவது? அன்றிலிருந்து அவளுக்கு டீயில் சர்க்கரை கேட்டுப் போடுவதை நிறுத்திவிட்டேன். வருவதை எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஆவுடையம்மாளைப் பற்றி நீங்கள் ஒன்றும் நினைத்துவிடக் கூடாது, அவள் நல்லவள் என்று. பலவேசத்துக்குக் கல்யாணம் வைத்தபோது என்ன செய்தாள்? வெள்ளப்பாண்டியையும் கூட்டிக்கொண்டு வெற்றிலை பாக்குத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். வந்தது எப்போது? நான் இங்கே வேலையில் இருக்கும் பகல் நேரத்தில்! வேலம்மாள் தட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் பூராவும் என் வாசலில் உட்கார்ந்து தெரு பார்க்கிற மாதிரி என்ன நாடகம்? நான் பின்பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டேன். முறை என்றால் முக்கில் நின்று அழைக்க வேண்டும். அவள் வந்ததும் அழுததும் முறை இல்லை.

அதோ தூரத்தில் வருவது உங்கள் பஸ்தான். கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் இருக்கும், எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் இங்கே நின்று பார்க்கிறேனே. பார்ப்பதோடு சரி.

தம்பி, ஒரு காரியம். பெரிய காரியம் இல்லை. வடக்குப்பொத்தை முக்கில் இறங்கினால் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. பச்சை வாளி வெளியே தொங்கும். சொன்னார்கள், நான் பார்த்ததில்லை. கடையில் இருக்கிறவன் பலவேசம். யார் சைக்கிளையாவது வாங்கிக்கொண்டு காற்று அடிப்பது மாதிரி போங்கள். அவனுக்கு வலது பக்கம் நிற்காதீர்கள். இடது பக்கம் நில்லுங்கள். குனிந்து டயரைப் பார்ப்பான் அல்லவா, அப்போது காதைப் பாருங்கள். துளை இருக்கிறதா, வெறும் காதா. அவ்வளவுதான்.

துளை இருந்தால் பிரச்சினை இல்லை. வேறு எவன் மடியிலோ வைத்து மறுகாதையும் குத்திவிட்டார்கள் என்று அர்த்தம். நான் இத்தனை வருஷம் சொன்னது அத்தனையும் நியாயம். இந்த எப்சிபா டீச்சர் முகத்தில் அதைச் சொல்லுவேன், எழுதிக்கோ, உன் பகுதிக்குள் சேர்த்துக்கோ என்று.

துளை இல்லை என்றால்…

இல்லை என்றாலும் குற்றம் ஆவுடையம்மாள் மேல்தான். பிள்ளை காதை அப்படியே வைத்துக்கொண்டு ஒருத்தி இத்தனை வருஷம் காத்திருப்பாளா? காத்திருந்தவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? வாசலில் உட்கார்ந்து அழுதால் எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லாமல் வைத்திருந்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு. அதற்கு அவள் எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பையை எடுத்துக்கொள்ளுங்கள், பஸ் நிற்காது. நான் கேட்டேன் என்று அவனிடம் சொல்ல வேண்டாம். யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவனாகக் கேட்டால், பயிற்சி மையத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லுங்கள். அங்கே சோறு போடுகிற கொம்பையாவைப் பார்த்தேன், நடமாட்டமாக இருக்கிறார் என்று சொல்லுங்கள், போதும். மாமன் என்று சொல்ல வேண்டாம். அது அவர்கள் வந்து சொல்ல வேண்டியது. முக்கு வரைக்கும் மேளத்தோடு வந்து, என்னை நடுவில் விட்டு, தெரு பார்க்கச் சொல்ல வேண்டியது.

ஏறுங்கள், ஏறுங்கள். இடது காது, தம்பி. அந்த மேளம் இன்னும் எனக்கு வர வேண்டியிருக்கிறது. அதில் ஓர் அடி கூட நான் குறைத்துக்கொள்ள மாட்டேன்.